ஐந்தாம் நம்பர் கல்

பதினேழு நாளும் பதினைந்து மணி நேரமும் ஆகியிருந்தன. அவ்வளவு நேரமும் சத்யா அந்த ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் சாப்பிட்டாள், தூங்கினாள், கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிக் கல்லூரிக்குப் போய்வந்தாள். பயமாகக்கூட இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறுபோல எல்லாம் மரத்துக் கிடந்தது.

காலை ஒன்பது மணி. இலுப்பூரைத் தாண்டி ஒரு குவாரி ஓரத்தில், அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி பிராங்க்ளின் சாரோடு நின்றிருந்தாள். பத்து மணிக்கு ஹைதராபாத்திலிருந்து இரண்டு நிபுணர்கள் வருகிறார்கள். அவர்கள் பார்க்க வருவது, வெளிறிய பழம்பாறையைப் பிளந்துகொண்டு ஏறிய எரிமலைக் குழம்பு சுவர்போல உறைந்த கரும்பாறையை.

இந்தப் பக்கத்துக் கருஞ்சுவர்கள் நூறு கோடி ஆண்டுக்கும் மூத்தவை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒரே ஒரு கல்லுக்கு வயது பார்க்க அனுமதி கிடைத்தது. சத்யா எடுத்து வந்தவற்றில் சிதையாமல் இருந்த ஐந்தாம் நம்பரை அனுப்பினார்கள். குழம்பு உறைந்த நாள்முதல் கல்லுக்குள் பொட்டாசியம் மெல்ல மெல்ல ஆர்கானாக மாறிச் சேரும். அதை அளந்து, ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டு என்று சொன்னார்கள். தக்காணத்தை மூடிய குழம்பின் வயதும் அதுதான். அதன் ஒரு கை புதுக்கோட்டை வரை நீண்டிருக்கிறது என்று சார் கட்டுரை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். சார் இருபத்திரண்டு வருடம் யாரும் சீந்தாத பாறைகளைச் சுற்றி வந்தவர். மார்ச்சில் ஓய்வு.

கல்லை உடைத்ததும் அங்கேயே அதன்மேல் நம்பர் எழுதிவிட வேண்டும். கல் எடுக்க வந்த அன்று சத்யா மார்க்கரைத் திறந்தபோது, கம்ப்ரசரில் பாறைக்குத் துளை போட்டுக்கொண்டிருந்த குவாரித் தொழிலாளி கருப்பன், “கல்லுக்குப் பேரு வச்சு, காதும் குத்தப் போறியாத்தா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மார்க்கரை மூடிவிட்டாள். வீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று, நாசிக்கிலிருந்து வெங்காய லோடு இறக்கிவிட்டு அந்த வழியாக வந்த அண்ணன் அரவிந்த்குமாரின் லாரியில், சீட்டுக்கடியில் ஐந்து கற்களையும் போட்டாள். கீரனூரில் இறங்கும்போது நல்ல மழை. கையில் அகப்பட்ட ஐந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அந்தப் பதினேழு நாள் கணக்குத் தொடங்கிய மாலை ஆறு மணிக்கு, அண்ணன் வீட்டு மேட்டில் லாரியை நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கல்லை எடுத்து வைத்தான். அதில் அவளுடைய சுத்தியல் பட்ட வெள்ளைத் தழும்பு இருந்தது.

“எம் முட்டுக்கல்லக் காணோம்டி. நாசிக் மலையில எடுத்தது, நல்ல கறுப்புக் கல்லு. ஒன்னோடது ஒண்ணு கெடந்துச்சு. அத வச்சுத்தான் ஓட்டுறேன்.”

குவாரி ஓரத்தில் சார் தினத்தந்தித் தாளில் மடித்திருந்த வடையை நீட்டினார். எங்கிட்டு வெயில் விழும், வருகிறவர்களை எங்கே நிற்க வைக்கலாம் என்று அவரே நடந்து நடந்து பார்த்தார். அவர்கள் புதிதாகக் கல் வெட்டிக்கொண்டுபோவார்கள் என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. சத்யா வடையைப் பிட்டாள். எண்ணெய் விரலில் ஒட்டியது, சூடு தெரியவில்லை.

பிறகு, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். நம்பர் எழுதாதது, மழை, அண்ணனின் கல். அளந்தது தக்காணக் குழம்பில் உறைந்த அந்த நாசிக் கல்லைத்தான் என்றும் சொன்னாள்.

 சார் சுத்தியலைத் துணியால் துடைத்துப் பைக்குள் வைத்தார். தூரத்தில் ஒரு காரின் புழுதி கிளம்பியிருந்தது.

“வரட்டும். நான் சொல்லிக்கிறேன்,” என்றார். “பேப்பரத் திரும்ப வாங்கிடலாம். கல்லு மாறுறது நடக்கிறதுதாம்மா. ஒன் ஆராய்ச்சி சீட்டுக்கு ஒண்ணும் வராது.” குரல் எங்கோ போய்த் திரும்பியது. “பேப்பர் போனதுக்கப்புறம்தானே ஒனக்குத் தெரிஞ்சது?”

அவள் ஆமாம் என்று சொல்வதற்காக அவர் தலையைக்கூட ஆட்டி வைத்திருந்தார்.

“இல்லைங்க சார்,” என்றாள் சத்யா. “அதுக்கு நாலு நாள் முந்தியே தெரியும். தெரிஞ்சுதான் பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன்.”