சாக்குத் தையல்

என் மாமனார் கணேசமூர்த்தி என்னோடு பேசமாட்டார் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. பேசுவார், ஆனால் சுவரைப் பார்த்துப் பேசுவார். “சோறு வெந்திருச்சான்னு கேளு,” என்பார் சுவரிடம். நான் அடுப்புப் பக்கத்திலேயே நிற்பேன். “வெந்திருச்சு,” என்று நானும் சுவருக்கே பதில் சொல்வேன். நான் வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள். அவர் மகன் சுகுமாறனைச் சிரம்பானில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தவள். தம்பின் டவுனிலிருந்து உள்ளே வந்தால் செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. வீட்டில் மூன்று பேர், ஒரு சுவர். குடும்ப விஷயம் முழுக்கத் தெரிந்தது அந்தச் சுவருக்குத்தான்.

இந்த லட்சணத்தில் வைஃபையும் என்னோடு பேச மறுத்தது.

விஷயம் இதுதான். கோலாலம்பூரில் நான் வேலை செய்யும் கம்பெனி இத்தனை நாளும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டிருந்தது. இப்போது, அடுத்த மாதத்திலிருந்து ஆபீசுக்கு வா என்றுவிட்டது. தினமும் ரயிலில் போய்வருவது ஆகாத காரியம். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். வாரக்கடைசியில் புருஷனை எட்டிப் பார்க்கவா நான் இத்தனை பேச்சு வாங்கிக் கல்யாணம் கட்டினேன்?

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கையடக்கக் கணினி செய்கிறது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்துவைத்த அளவுதான் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்ற வரைபடம் முழுவதையும் அவர்களே வெளியிட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் திருப்புளியால் திறக்கலாம், மாற்றலாம், ரிப்பேர் செய்யலாம். தனித்தனிப் பாகமாக வாங்கி நானே ஒன்றைப் பூட்டி வைத்திருந்தேன். அவர்களுடைய இணையப் பக்கத்தில் மற்றவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதி எழுதி, கடைசியில் அவர்களே கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர்களின் கோளாறுகளைத் தீர்த்துவைக்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம்.

நேர்காணலை அவர்கள் கணினியிலேயே செய்ய வேண்டும் என்றார்கள். செய்தேன். வைஃபை விஷயத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைஃபை போய்விட்டது. வாயைத் திறந்தபடி என் முகம் அவர்கள் திரையில் அப்படியே நின்றுவிட்டதாம். மரியாதை தெரிந்தவர்கள், வெள்ளிக்கிழமை மறுபடியும் பேசலாம் என்றார்கள். மூன்றாவது தடவை என்று ஒன்று இருக்காது என்பது அவர்கள் சொல்லாமலே புரிந்தது.

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்பது எனக்காகவே சொன்ன பழமொழி.

ஆயுத பூஜை வரைக்கும் நன்றாக இருந்த கணினி அது. பூஜையன்று சுகுமாறனின் செம்பனை லோரி, மாமனாரின் மோட்டார் சைக்கிள், புல்வெட்டும் இயந்திரம், ரைஸ் குக்கர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். என் கணினியைக் கேட்பார்கள் என்று மேசைமேல் துடைத்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ரைஸ் குக்கருக்குக் கிடைத்த மரியாதைகூட நமக்கு இல்லையே என்று மனசு சுட்டது. அதற்குப் பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது. முன்னறையில் ரௌட்டரின் மடியிலேயே உட்கார்ந்தால் வேலை செய்யும், ஆனால் அங்கே டிவி சத்தத்தில் நேர்காணல் பேச முடியாது. என் மேசை இருக்கும் பின்னறைக்குப் போனால் ஒரு கோடு வரும், போகும், பிறகு ஒன்றுமே இருக்காது.

மற்றவர்களுக்கு எழுதிய வைத்தியத்தையெல்லாம் எனக்கே செய்து பார்த்தேன். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று வைஃபை தானாகத் தூங்கிவிடும், அதை நிறுத்தினேன். டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன். ரௌட்டரின் சேனலை மாற்றினேன். எதற்கும் அசையவில்லை.

பிறகு என் சந்தேகம் மனுஷர் பக்கம் திரும்பியது. மாமனாருக்கு ஒரு பழக்கம். அறையில் ஆள் இல்லையென்றால் கண்ணில் பட்ட சுவிட்சை எல்லாம் அணைத்துவிட்டுப் போவார். ரௌட்டர் சுவிட்சும் அவர் போகும் வழியில்தான் இருக்கிறது. நான் கோலாலம்பூருக்குப் போனால் யாருக்கு நிம்மதி என்றும் யோசித்தேன். யோசித்ததை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சுகுமாறனிடம் கேட்டேன், வேண்டுமென்றே உரக்க.

“யாரோ ரௌட்டர ஓஃப் பண்றாங்க.”

“யாரு பண்ணப் போறா? அப்பாவையா சொல்ற?”

“நான் பேரு சொன்னேனா? நான் போயிட்டா நல்லதுன்னு நினைக்கிறவங்க பண்ணலாம்.”

“ஐயோ, சும்மா இரு லா.”

மாமனார் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். சுவரிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ரௌட்டர் சுவிட்சின்மேல், யாரும் அணைக்க முடியாதபடி கறுப்பு டேப் அழுத்தி ஒட்டியிருந்தது. திருடன் தானாகவே ஒத்துக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் டேப் ஒட்டிய பிறகும் பின்னறையில் லைன் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அதில் லைன் முழுசாக இருந்தது. ஆக, ரௌட்டர் நிரபராதி, சுவிட்சும் நிரபராதி. குற்றவாளி என் கையில்தான் இருக்கிறது. கணினியை உறையிலிருந்து கழற்றினேன். தம்பினில் விமலா அக்கா கடையில் நீலக் கித்தானில் தைத்து வாங்கிய உறை அது. வேலை செய்யும்போதும் கணினி அதற்குள்ளேயேதான் இருக்கும். பின்பலகையின் திருகாணிகளைக் கழற்றி, ஆண்டெனாவின் வயரைப் பிடுங்கி மறுபடி அழுத்தினேன். லைன் முழுசாக வந்தது. “அப்படி வா வழிக்கு,” என்று பலகையை மூடினேன். அப்போதும் முழுசாக இருந்தது. உறைக்குள் போட்டேன். செத்துவிட்டது.

வெளியே எடுத்தால் உயிர், உள்ளே போட்டால் சாவு. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், மாறவே இல்லை. துணி வைஃபையைத் தடுக்காது. உறையின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினேன். மெல்லிய தகரம்போல ஏதோ நெளிந்தது.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். விமலா அக்காவின் தையல் மிஷின் தையல். ஆனால் அடியில் ஒரு ஓரம் மட்டும் பிரித்து, தடித்த வெள்ளைச் சணலால் கோணல்மாணலாக இல்லாமல் அழுத்தமாகத் தைத்திருந்தது. அந்தத் தையலை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு அரிசி மூட்டை, காய்ந்த மிளகாய் மூட்டை எல்லாவற்றின் வாயிலும் அதே தையல்தான். வேலைக்காலம் முழுவதும் தோட்டத்து உர ஸ்டோரில் சாக்கு தைத்த கை இந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு.

கோபத்தில் கத்தியால் அறுத்தேன். உள்ளங்கை அகலச் செப்புத் தகடு ஒன்று வெளியே வழுக்கி விழுந்தது. கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் தகடு. கட்டம் போட்டு, கட்டத்துக்குள் எழுத்து போட்டிருந்தது. சரியாக ஆண்டெனாவுக்கு அடியில் இருந்திருக்கிறது. செம்பைத் தாண்டி வைஃபை எப்படி வரும்? என்னைத் துரத்த வைத்த செய்வினை என்றே முதலில் நினைத்தேன். பிறகு தகட்டின் அடியில் பூசாரி கீறியிருந்ததைப் படித்தேன்.

‘அகதா. உத்திராடம். உத்தியோகம் ஸ்திரம்.’

அகதா நான்தான். ஆனால் எனக்கு நட்சத்திரம் கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. ஞானஸ்நானத் தேதி மட்டும்தான் உண்டு. மம்பாவில் இருக்கும் என் அம்மா பமீலாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, நான் பொறந்த நேரத்த யாராச்சும் கேட்டாங்களா?”

“ஒன் மாமனாருதான் போன் பண்ணாரு. காலப் பூசைக்கு மாதா கோயில் மணி அடிக்கிறப்போ பொறந்த புள்ளன்னு சொன்னேன். கோயில்ல கேட்டு அந்த மணி எத்தன மணிக்கு அடிக்கும்னும் சொல்லச் சொன்னாரு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. ஏன், என்னாச்சு?”

“ஒன்னுமில்ல,” என்று போனை வைத்தேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சுவிட்சுக்கு டேப் ஒட்டியது யாரை நினைத்து என்பதும் அப்போதுதான் உறைத்தது.

நேர்காணலுக்கு உறை இல்லாமலே உட்கார்ந்தேன். ஒரு தடவைகூட அறுபடவில்லை. போன முறை என்ன கோளாறு என்று கேட்டார்கள். உறைக்குள் செப்புத் தகடு இருந்தது என்றேன். அது ஏன் அங்கே இருந்தது என்றார்கள். எனக்கு இந்த வேலை கிடைப்பதற்காக என்றேன். கொஞ்ச நேரம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலமே வேலை உனக்குத்தான் என்று மெயில் வந்தது.

மறுநாள் சுகுமாறன் லோரிக்குப் போன பிறகு, அறுத்த ஓரத்தைத் தைக்க வாசலில் உட்கார்ந்தேன். மாமனாருக்குத் தெரியாமல் அதே சணலால், அதே மாதிரித் தைத்துவிடலாம் என்பது என் எண்ணம். தையல் போகிற வழி எனக்குப் பிடிபடவில்லை. ஊசி மூன்றாம் முறை விரலில் ஏறியபோது நிழல் விழுந்தது. மாமனார் நின்றார்.

“குடும்மா. அப்படியில்ல.”

பக்கத்தில் உட்கார்ந்து உறையை வாங்கிக்கொண்டார். அவருடைய கட்டைவிரல் அடிப்பக்கம் முழுவதும் தடவிப் பார்த்து, வெறுமையான இடத்தில் நின்றது.

“அதனாலயா லைன் வரல?”

மறைத்துப் பயனில்லை. “ஆமா மாமா. செம்பு தடுத்துரும்.”

“நல்லதுன்னு நெனச்சேன். ஒனக்கே வெனையா போச்சு.”

“வேல கெடச்சிருச்சு மாமா. நான் எங்கயும் போகல.”

தலையை ஆட்டினார். சணலை எச்சிலில் நனைத்துக் கோர்த்து, வெறும் உறையின் அறுந்த ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தார். பாதித் தையலில் நிறுத்தினார்.

“அது எங்க?”

“அலமாரில. மாதா காலடியில வச்சிருக்கேன். எடுத்துரவா?”

“எதுக்கு? அங்கயே இருக்கட்டும்.” முடிச்சுப் போட்டு, சணலைப் பல்லால் கடித்து அறுத்தார். “உத்திராடம் நல்ல நட்சத்திரம்மா,” என்றார்.

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.