பெண்ணைப் பெற்றவளின் நிறம்

ஒக்சுன் அந்த ரோஸ் நிற ஹான்பொக்கை, கொரியப் பெண்கள் விசேஷத்துக்கு உடுத்தும் பாவாடை சட்டையை, தைக்கக் கொடுத்தது, மகள் போராமின் கல்யாணத் தேதி காதில் விழுந்த மறுநாளே. யாரும் தைக்கச் சொல்லவில்லை. மண்டபத்தில் பிள்ளையைப் பெற்றவள் நீலம் உடுத்துவாள், பெண்ணைப் பெற்றவள் ரோஸ் உடுத்துவாள். இருவரும் கைகோத்து மேடையேறி மெழுகுவத்தி ஏற்றினால்தான் கல்யாணமே தொடங்கும். போராமைப் பெற்றவள் இவள்தானே? பெற்றாள், சரி. ஆறு வயதுக் குழந்தையைப் புருஷன் வீட்டிலேயே விட்டுவிட்டு வெளியேறியவளும் இவள்தான். பிறகு அந்த வீட்டுக்கு இன்னொருத்தி வந்தாள், வளர்த்தாள். இருபத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போது மெழுகுவத்தியை ஏற்றப்போவது யார்?

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், அரண்மனைப் பக்கத்து உடை அருங்காட்சியகத்துக்கு வரச்சொல்லி போராம் போன் செய்தாள். ஏதோ பேச வேண்டுமாம். இந்த நேரத்தில் பெற்றவளிடம் பேச வேறென்ன இருக்கும் என்று பாழாய்ப்போன மனசு முடிவுகட்டிவிட்டது. வாயால் கேட்க வெட்கம். துணியே கேட்கட்டும் என்று ரோஸை உடுத்திக்கொண்டே கிளம்பினாள். அந்தப் பக்கம் ஹான்பொக்கை வாடகைக்கு எடுத்துச் சுற்றுகிற கூட்டம் எந்நேரமும் உண்டு, யாரும் வேடிக்கை பார்க்கப்போவதில்லை.

கறுப்புக் கோட்டில் வந்த போராம் யாரோ அயலாரை வணங்குவதுபோல் வணங்கினாள். பிறகுதான் பாவாடையைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஒரு நொடி போதாதா? அவள் எதைச் சொல்ல வந்திருக்கிறாள் என்று ஒக்சுனுக்கு விளங்கிவிட்டது.

"இந்தத் துணி..." என்று போராம் இழுத்தாள்.

"வாடகைக்கு எடுத்தேன். இதப் போட்டுக்கிட்டா அரண்மனைக்குள்ள டிக்கெட் கேக்க மாட்டாங்கல்ல, அதான். என் அளவுக்கு ரோஸ்தான் இருந்துச்சு."

பெண்ணுக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. அந்த மூச்சுத்தான் ஒக்சுனைக் குத்திக் கிழித்தது.

கண்ணாடிக்குப் பின்னே அரண்மனை உடைகள் கைகளை விரித்து நின்றன. அரசிக்குச் சிவப்பு, இளவரசர் மனைவிக்கு ஊதா, இளவரசிக்குப் பச்சை. யார் எதை உடுத்தலாம் என்று எழுதி வைத்திருந்ததைத் தாயும் மகளும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் வரி விடாமல் படித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கத்தான்.

பச்சை அங்கியின் முன்னால் போராம் விஷயத்தைச் சொன்னாள். "மெழுகுவத்தி வீட்டு அம்மாதான் ஏத்தப்போறாங்க. வளர்த்தது அவங்கதானே. உங்களுக்கு மூணாவது வரிசைல இடம் போட்டிருக்கேன்."

அதுதான் நியாயம் என்றாள் ஒக்சுன். நியாயமாகவே இருந்தது, அதுதான் கொடுமை. கோபப்படக்கூட வழியில்லை.

பாரம் இறங்கிய போராம் முகம் தெளிந்து, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் அழைப்பு! ஒக்சுன் உருகிப்போனாள். ஆனால் நூடுல்ஸ் குழம்பு தெறித்தால் வாடகைக் கடைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், முதலில் துணியைக் கொடுத்துவிடலாம், நானும் வருகிறேன் என்று கூடவே நடந்தாள் மகள். உண்மையைச் சொன்னால் பெண்ணுக்குச் சங்கடம், சொல்லாவிட்டால் சாப்பாடு போச்சு. ஒக்சுன் திருதிருவென்று விழித்தபடி, கண்ணில் பட்ட முதல் வாடகைக் கடைக்குள் நுழைந்தாள். போராமை வாசலிலேயே நிற்கச் சொன்னாள். மாற்றிக்கொள்ள ஏதாவது பழைய உடுப்பு விலைக்குக் கிடைக்குமா என்று அங்கிருந்த பெண்ணிடம் கிசுகிசுத்தாள்.

அந்தப் பெண் முந்தானை போல் தொங்கிய நாடாவைத் தொட்டுப் பார்த்தாள். "இது எங்க கடைத் துணி இல்லையேம்மா. அளவெடுத்துத் தைச்சதுல்ல?" அவளுக்கு வெண்கலக் குரல். "பொண்ணுக்குக் கல்யாணமா?"

வாசல்வரை கேட்டுவிடுமே என்று ஒக்சுன் பதறிப்போனாள்.

"இல்லம்மா. எனக்குப் பொண்ணே இல்ல."

கடைப் பெண்ணின் கண்கள் அவள் தோளுக்குப் பின்னால் போயின. ஒக்சுன் திரும்பினாள். குளிர் தாங்காமல் உள்ளே வந்த போராம் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் சொல்லிட்டுப் போனீங்களா?" என்றாள். குரல் உயரவே இல்லை.

கதவு மூடிக்கொண்டது. ஒக்சுன் பாவாடையை வாரிச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். தெரு முழுக்க வாடகை ரோஸ்களும் நீலங்களும் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தன. கறுப்புக் கோட்டு எங்கும் தென்படவில்லை.

"உனக்காகத்தான்டி தைச்சேன்," என்று நடுத்தெருவில் நின்று கத்தினாள். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.