பிறப்பிடம் ஹதர்பெக்

பாரிஸ் லா சப்பலில் நகைக்கடைக்கும் சலூனுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அச்சகத்தில் சாரதாதேவி பதினேழு வருடமாக வேலை செய்கிறாள். கலியாண அட்டை, பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீட்டுப் பதாகை, கடைத்திறப்பு நோட்டீஸ் எல்லாமே அவள் கையால்தான் போகும். ஆனாலும் தெருவில் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மரண அறிவித்தல்தான். யாராவது செத்துப்போனால் வீட்டுக்காரர் முதலில் ஐயருக்குப் போன் அடிப்பார்கள், அடுத்தது சாரதாதேவிக்கு.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலில் செத்தவருடைய பெயர் முதலில் வராது. ஊர்தான் முதலில் வரும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன திகதியில் காலமானார். படிக்கிறவர்களும் ஊரைத்தான் முதலில் பார்ப்பார்கள். நம்ம ஊர் என்றால் நின்று படிப்பார்கள், இல்லையென்றால் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கத்தரிக்காய் வாங்கப் போய்விடுவார்கள்.

சாரதாதேவி ஒவ்வொரு அறிவித்தலையும் புதிதாகத் தட்டச்சுச் செய்வதில்லை. கடைசியாகச் செத்தவரின் கோப்பைத் திறந்து, ஊரை அழித்துப் புது ஊர், பெயரை அழித்துப் புதுப் பெயர், படத்தை மாற்றிச் சேமித்துவிடுவாள். ஒரே கோப்பு. பதினேழு வருடத்துச் சனம் அதற்குள் ஒருவருக்கு மேல் ஒருவராக வந்து போயிருக்கிறது.

செப்டம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை இராஜேந்திரன் வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். முதல்நாள் அவருடைய மனைவி பேர்ளி ஆஸ்பத்திரியில் இறந்திருந்தாள். எழுபத்தொரு வயது. வெள்ளைக்காரி, இங்கிலாந்துக்காரி. இந்தத் தெருவில் அவளை அறியாதவர் இல்லை. லண்டனுக்குப் போய்ப் பிழைக்க நினைத்த எங்கள் சனம் பாதிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் அவள். தெரு அவளுக்கு வைத்த பெயர் லண்டன் பேர்ளி.

பிறப்பிடம் என்ற இடத்தில் இராஜேந்திரன் 'ஹதர்பெக்' என்று எழுதியிருந்தார். சாரதாதேவி அந்தப் பெயரைக் கணினி வரைபடத்தில் போட்டுப் பார்த்தாள். ஊரைக் காணவில்லை. பச்சை மலைகளுக்கு நடுவில் நீலமாக ஒரு நீர்த்தேக்கம்தான் இருந்தது. ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு சந்தி கிடையாது. மனிதர் அழுதழுது எதையோ மாற்றி எழுதிவிட்டார் என்று அவள் நினைத்தாள். செத்தவீட்டுக்குப் போன் அடித்து, 'உங்கள் மனைவி பிறந்தது எங்கே' என்று கேட்பதும் அழகில்லை. ஊரே லண்டன் பேர்ளி என்றுதானே சொல்கிறது? லண்டன் என்றே போட்டுவிட்டாள். திங்கள் பின்னேரமே முப்பது பிரதி அச்சாகி, இருபத்தைந்து தெருவிலுள்ள கடைக் கண்ணாடிகளில் ஏறின. மீதி ஐந்தும் பாரிஸுக்கு வெளியே, சார்செலில் உள்ள கடைகளுக்குப் போயின.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இராஜேந்திரன் ஓர் அறிவித்தலைக் கையில் பிடித்தபடி கடைக்குள் வந்தார். கண்ணாடியிலிருந்து உரித்த வேகத்தில் அதன் ஒரு மூலை கிழிந்திருந்தது.

"சாரதா, இது ஆரின்ரை நோட்டீஸ்?"

"என்னண்ணை, பேர்ளி அக்காவின்ரைதானே."

"என்ரை மனிசி லண்டனிலை பிறக்கேல்லை. நான் எழுதித் தந்த ஊர் எங்கை?"

"அண்ணை, குறை நினையாதேங்கோ. மாப்பிலை தேடிப் பாத்தனான். அங்கை ஊர் ஒண்டும் இல்லை. தண்ணிதான் கிடக்கு."

"ஓம். தண்ணிதான். ஊர் தண்ணிக்குக் கீழை கிடக்கு."

அவர் கதிரையில் இருந்தார். கோபமாக வந்தவர்தான், ஆனால் சொல்லத் தொடங்கியதும் குரல் தணிந்துவிட்டது. நகரத்துச் சனத்துக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்று ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். அறுபத்தெட்டாம் ஆண்டு. பேர்ளிக்குப் பதினாலு வயது. முப்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், ஒரு கல்லுப்பாலம்.

"சேமக்காலையிலை கிடந்த ஆக்களையும் கிளறி எடுத்து, வேறை ஊரிலை கொண்டுபோய்த் தாட்டவங்கள். தேப்பன் வீட்டுக் கதவைக் கழட்டிக்கொண்டுதான் வெளிக்கிட்டவராம். கதவை வைச்சு என்ன செய்யிறதெண்டு அவருக்கே தெரியாது. நாப்பது வருசமா இந்தத் தெரு அவளை லண்டன் லண்டன் எண்டுது. 'நான் லண்டனை மூண்டு தரம்தான் பாத்தனான்' எண்டு அவளும் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனாள். செத்தாப் பிறகும் லண்டன் எண்டால் எப்பிடி, சாரதா?"

சாரதாதேவிக்கு முகம் சுட்டது. காரணம் பிழை விட்டது மட்டுமல்ல. அந்த ஊர் அவளுக்குத் தெரியும்.

அவளும் ஒருகாலத்தில் சனிக்கிழமைகளில் பேர்ளியிடம் ஆறு மாதம் ஆங்கிலம் படித்தவள். ஒருநாள் பேர்ளி கரும்பலகையில் ஒரு ஆறும், குறுக்கே ஒரு பாலமும், பக்கத்தில் ஒரு தேவாலயமும் வரைந்தாள். அங்கே ஒரு பாலம் இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே எங்கள் வீடு இருந்தது. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னது. இறந்தகாலம் படிப்பிக்க வாத்தியார் இட்டுக்கட்டிய ஊர் என்று நினைத்து, சாரதாதேவி அதைக் கொப்பியில் பத்துத் தரம் எழுதி, சரி போட்டும் வாங்கினாள். அதை இராஜேந்திரனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நாளண்டைக்கு அவளின்ரை தமையன் நீக்கிலாஸ் வாறார். வெள்ளிக்கிழமை எடுக்கிறம். தமையன் இந்தத் தெருவாலை நடந்துதான் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாக் கேப்பார். கேட்டால் லண்டன் எண்டு நான் வாசிச்சுக் காட்டுறதோ?"

கடை முதலாளி கரிகாலன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். நல்ல பெடியன், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை வைத்திருப்பான். "அண்ணை, ஹதர்பெக் எண்டே போடுவம். ஆனாச் சனம் தேடிப்பாத்திட்டுப் பிழையெண்டு சொல்லும். பக்கத்திலை அடைப்புக்குள்ளை 'தற்போது நீர்த்தேக்கம்' எண்டு போட்டுவிட்டால் விளங்கும்."

இராஜேந்திரன் அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் மயிலிட்டி. தொண்ணூறாம் ஆண்டு எங்கட சனத்தை எழுப்பிவிட்டவங்கள். இருபத்தேழு வருசம் ஆமிக்காரனைத் தவிர அங்கை ஒரு குருவி இல்லை. அந்தக் காலத்திலைதான் என்ரை அம்மா செத்தவ. இந்தக் கடையிலைதான் நோட்டீஸ் அடிச்சனாங்கள். மயிலிட்டிக்குப் பக்கத்திலை 'தற்போது ஆமி காம்ப்' எண்டு போட்டனீங்களோ?"

கரிகாலன் வந்த வழியே உள்ளே போனான்.

போடவில்லை. சாரதாதேவிக்கு நன்றாக நினைவிருக்கிறது. மயிலிட்டி, பலாலி, தையிட்டி என்று எத்தனையோ அறிவித்தல்கள். அந்த ஊர்களில் அப்போது யாராவது இருக்கிறார்களா என்று அவள் ஒரு நாளாவது வரைபடத்தில் தேடியதில்லை. ஆள் அங்கே பிறந்தார், முடிந்தது கதை. வெள்ளைக்காரியின் ஊருக்கு மட்டும் அவள் சாட்சி கேட்டிருக்கிறாள். தன்மேல் அவளுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

"ஒரு மணித்தியாலம் தாங்கோ அண்ணை," என்றாள். "எல்லாத்தையும் நானே மாத்துறன்."

அரைமணிக்குள் புதிய பிரதிகள் வந்துவிட்டன. 'இங்கிலாந்து ஹதர்பெக்கைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸ் பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட திருமதி பேர்ளி இராஜேந்திரன்.' அடைப்புக்குறி இல்லை. நோட்டீஸ்கட்டைக் கக்கத்தில் இடுக்கி, ஸ்கொட்ச் டேப் சுருளைக் கையில் வளையல்போலப் போட்டுக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள்.

வேலை சுலபமென்றுதான் நினைத்தாள். பழையதை உரி, புதியதை ஒட்டு, அடுத்த கடைக்குப் போ. ஆனால் எங்கள் ஆட்கள் கண்ணாடியில் கை வைத்தவளைச் சும்மா விடுவார்களா? முதல் கடையிலேயே மறித்தார்கள். மளிகைக்கடை இந்திராதேவி கல்லாவிலிருந்தபடியே கத்தினாள்.

"உது சரியாத்தானே கிடக்கு! லண்டன் எண்டால் என்ன, இங்கிலாந்து எண்டால் என்ன, எல்லாம் ஒண்டுதானே?"

"அக்கா, உங்களுக்குப் பருத்தித்துறை. நாளைக்கு உங்கடை நோட்டீஸிலை நான் கொழும்பு எண்டு அடிச்சால்?"

"வாயைக் கழுவடி!" என்றாள் இந்திராதேவி. கொழும்புக்காகவா, நோட்டீஸுக்காகவா என்று சொல்லவில்லை. ஆனால் எழுந்து வந்து, புதியதை ஒட்டும்வரை ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒவ்வொரு கடையிலும் சொல்லவேண்டியிருந்தது. முதலில் அணை, ஆறு, அறுபத்தெட்டாம் ஆண்டு என்று விரிவாகச் சொன்னாள். பத்தாவது கடையில் அது நாலு வசனமாகச் சுருங்கியது. பதினைந்தாவது கடை வேறொரு சலூன். அதன் சொந்தக்காரர் சுப்ராயன் பாண்டிச்சேரிக்காரர், யாரோ ஒருவருக்குப் பிடரி வழித்துக்கொண்டிருந்தார்.

"பேர்ளி மேதாம் பொறந்த ஊரை அணை கட்டித் தண்ணிக்குள்ள வுட்டுட்டாங்களா? கல்லறை எல்லாம்?"

"தோண்டி எடுத்தவங்களாம்."

சுப்ராயன் மெஷினை நிறுத்தினார். "மேதாம் என்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையே. மாசாமாசம் முடிவெட்ட வருவாங்க. நான்தான் எப்பவும் பாண்டிக் கடலைப் பத்திப் பேசிக்கிட்டிருப்பேன்."

"எனக்குச் சொன்னவ," என்றாள் சாரதாதேவி. "நான்தான் கேக்கேல்லை." இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அங்கே, சலூன் வாசலில், முடிக்குப்பைக்கு நடுவில் வந்தது. சுப்ராயன் ஒரு துவாயை எடுத்து நீட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் மீதிப் பத்துக் கடைக்கும் போனாள். மறுநாள் காலை ஆர்-ஈ-ஆர் ரயிலில் சார்செலுக்கும் போய் அந்த ஐந்தையும் மாற்றினாள். உரித்து எடுத்த முப்பதையும் எண்ணிப் பார்த்து, கிழித்துப் போட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

வியாழக்கிழமை பதினொரு மணிபோல நீக்கிலாஸ் வந்தார். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, இராஜேந்திரனோடு தெரு நீளத்துக்கும் நடந்து வந்திருக்கிறார். உயரமான மனிதர், எழுபத்தெட்டு வயது, மழை இல்லாத நாளிலும் மழைக்கோட்டு. ஒவ்வொரு கண்ணாடியிலும் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வந்ததில் மூக்கு சிவந்திருந்தது. அச்சகத்துக் கண்ணாடியின் முன்னால் நின்று, இராஜேந்திரனிடம் ஏதோ கேட்டார்.

சாரதாதேவி வெளியே வந்தாள். பேர்ளி சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் அந்தக் கேள்வி அவளுக்கு விளங்கியது. இதில் எது எங்கள் ஊர் என்று கேட்கிறார். அவள் முதல் வரியில் விரலை வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்திக் காட்டி, "ஹதர்பெக்" என்று வாசித்தாள்.

மனிதர் அந்த எழுத்துகளில் தானும் விரலை வைத்தார். பிறகு மெல்லப் பேச, இராஜேந்திரன் தமிழில் சொன்னார்.

"அவருக்கு எந்தப் போர்மிலையும் பக்கத்து டவுனின்ரை பேரைத்தான் எழுதச் சொல்லுவாங்களாம். இல்லாத ஊரை எழுதக்கூடாதாம். அம்பத்தேழு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் அந்தப் பேரை அச்சிலை பாக்கிறாராம், அதுவும் கடைக்குக் கடை. இந்த வருசம் மழையில்லாமல் தண்ணி இறங்கி, பாலம் வெளியிலை தெரிஞ்சதாம். சனம் கார் கட்டிக்கொண்டு போய்ப் படமெடுத்ததாம். இவர் போகேல்லை." மச்சானை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "இப்ப என்ன கேக்கிறாரெண்டால், அந்த ஊரிலை பிறந்த ஆக்களிலை இனி மிச்சம் தான் ஒராள்தானாம். தனக்கும் இப்பிடி ஒண்டு வேணுமாம். உம்மாலை அடிச்சுத் தர ஏலுமோ எண்டு கேக்கிறார்."

சாரதாதேவி திடுக்கிட்டுப் போனாள். பதினேழு வருடத்தில் உயிரோடிருக்கிற ஆளுக்கு அவள் அறிவித்தல் அடித்ததில்லை. அடிக்கவும் கூடாது. அதைச் சொல்ல வாயெடுத்தவள் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு, தாடை எல்லாம் பேர்ளியேதான்.

உள்ளே போய்ப் பேர்ளியின் கோப்பைத் திறந்தாள். கை பழக்கத்தில் அழிக்கப் போனது. நிறுத்திக்கொண்டாள். முதல் தடவையாக அந்தக் கோப்பைப் பேர்ளியின் பெயரில் தனியாகச் சேமித்தாள். பிறகு புதிதாக ஒரு வெறும் பக்கம் திறந்து, நீக்கிலாஸ் எங்கே இருக்கிறார் என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள். இராஜேந்திரன் ஒரு நகரத்தின் பெயரைச் சொன்னார். ஊரை மூழ்கடித்து அந்தத் தண்ணீரைக் குடிக்கிற நகரம் அதுதானாம். வேறு எங்கே போவது என்று குடும்பம் முழுவதும் அங்கேதான் போனதாம்.

சாரதாதேவி தட்டச்சுச் செய்தாள், தடித்த அட்டையில் ஒரே ஒரு பிரதி எடுத்தாள், ஓரத்தை நேராக வெட்டினாள். கறுப்புக் கரை போடவில்லை. இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கொடுத்தாள். இராஜேந்திரன் எட்டிப் பார்த்து வாசித்தார்.

"இங்கிலாந்து ஹதர்பெக்கைப் பிறப்பிடமாகவும், பிரட்லியை வதிவிடமாகவும் கொண்ட திரு நீக்கிலாஸ்…"

அதோடு நின்றது. அட்டையில் கீழே பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. நீக்கிலாஸ் அந்த வெறும் இடத்தைத் தொட்டுக் காட்டி, இவ்வளவுதானா என்று கேட்டார்.

"மிச்சத்துக்கு இப்ப ஒரு அவசரமும் இல்லையெண்டு சொல்லுங்கோ, அண்ணை," என்றாள் சாரதாதேவி.