மயில் ரவிக்கையும் பழைய கம்ப்யூட்டரும்

“மெமரி போதவில்லை” என்று திரையில் வந்ததும் சுகிர்தா கணவனைக் கூப்பிட்டாள். பூவம் ஊரில் அவள் வைத்திருக்கும் எம்பிராய்டரி மெஷினை ஓட்டுவது பழைய கம்ப்யூட்டரில் உள்ள, டாஸ் காலத்துப் புரோகிராம் ஒன்று. அது திறக்கவில்லை. விடிந்தால் வாடிக்கைக்காரி வினோதாவின் மகளுக்குக் கல்யாணம். ரவிக்கை இன்னும் வெறும் பட்டாய்க் கிடந்தது.

“ஏங்க, நேத்து வரைக்கும் ஓடுச்சே?”

“அக்கா கொண்டாந்த பென்டிரைவைப் படிக்க டிரைவர்னு ஒரு குட்டி புரோகிராம் போட்டேன்ல, அது மெமரியில உக்காந்துக்கிச்சு. புரோகிராமுக்கு இடம் பத்தல,” என்றான் அவள் கணவன் கார்த்திகேசன். “மயில் டிசைன் உள்ள ஏறிடுச்சு, இனி டிரைவர் வேணாம். கம்ப்யூட்டர் தொடங்கும்போது அதைக் கூப்பிடுற வரியை அழிச்சுட்டேன். ஒரு தடவ அணைச்சுட்டு மறுபடி போடணும்.”

“அணைக்கிறதா? நேத்து அந்த டிரைவரைப் போட அணைச்சதுக்கே அரை நாள் எழுந்திரிக்கல!”

ரவிக்கைக்காகக் காத்திருந்த வினோதா எழுந்து நின்றாள். “எழுந்திரிக்கலன்னா எம்பொண்ணு என்னத்தப் போட்டுக்கிட்டு மணையில உக்காருவா?”

“வேணாம்னா விட்டுடுறேன்க்கா. ஆனா தைக்காது.”

வினோதா வேறு வழியின்றி உட்கார்ந்தாள். கார்த்திகேசன் சுவிட்சை அணைத்துப் போட்டான். திரை கறுப்பாகவே இருந்தது.

“போச்சு,” என்றாள் வினோதா.

“கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்கக்கா!” என்றாள் சுகிர்தா.

உள்ளே ஏதோ கரகரத்தது. திரையின் மூலையில் மெமரி அளவைக் காட்டும் எண்கள் மெல்ல ஏறி 640-இல் நின்றன. புரோகிராம் திறந்தது. ஊசி மயிலின் கழுத்தைத் தைக்கத் தொடங்கிய பிறகுதான் சுகிர்தா மூச்சு விட்டாள்.

வினோதா பைக்குள்ளிருந்து இன்னொரு பென்டிரைவை எடுத்தாள். “கைக்கு மட்டும் ஒரு தாமரை...”

“அக்கா, அதை உள்ள வைங்க!” என்றார்கள் இருவரும்.