கடைசிச் சரம்

சாக்குக்குள் கையை விட்டதுமே துர்தானேவுக்குத் தெரிந்துவிட்டது. இது அவளுடைய வெண்டைக்காய் இல்லை.

மகன் யாவுஸின் கல்யாண நாள் காலை அது. முற்றத்தில் அண்டாக்கள் அடுப்பேறிவிட்டன. துருக்கியில், கொன்யா பக்கத்துக் கல்யாண விருந்தில் ரவை அல்வாவுக்குப் பின்னால் வெண்டைக்காய் சூப் வந்தாக வேண்டும். புளிப்பும் சூடுமாக அது தொண்டையில் இறங்கினால்தான் அடுத்த சுற்றுச் சோற்றுக்கு வயிறு இடம் கொடுக்கும். மற்றதெல்லாம் சமையல்காரர் பொறுப்பு, வெண்டைக்காய் மட்டும் மாப்பிள்ளையின் தாய் பொறுப்பு.

அதற்காகப் போன கோடை முழுக்கத் துர்தானே உயிரைக் கொடுத்திருந்தாள். பூ உதிர்ந்த மறுநாளே, வெயில் ஏறும் முன், சுண்டுவிரல் நகம் அளவில் பறிக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் நார் பாய்ந்துவிடும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாலும் அந்தச் சுணை விடாது, ராத்திரியெல்லாம் கையைச் சொறிந்துகொண்டு கிடப்பாள். ஒவ்வொரு காய்க்கும் காம்பைக் கூம்பாகச் சீவி, ஊசியில் கோத்து, காற்றாடும் நிழலில் தொங்கவிட்டுக் காய வைத்தாள். மொத்தம் நாற்பத்தொரு சரம். பத்துப் பேர் உட்காரும் வட்டத்துக்கு ஒன்றாக நாற்பது, வீட்டுக்கு ஒன்று.

இத்தனை வீம்புக்கும் காரணம் சம்பந்தியம்மாள் முனிபே. நிச்சயதார்த்தத்தன்று நாலு பேர் எதிரே அவள் கேட்டாளே ஒரு கேள்வி! "நீங்க தண்ணியில்லாத மேட்டுக்காட்டு ஊராமே? அங்கெல்லாம் வெண்டைக்காய கண்ணால பாத்திருப்பீங்களா?"

துர்தானே சிரித்த முகம் மாறாமல் பதில் சொன்னாள். "கல்யாணத்தன்னிக்கு சாப்பிட்டுப் பாருங்க சம்பந்தியம்மா. அப்புறம் சொல்லுங்க."

சொன்ன சொல்லுக்கு இன்றைக்குத்தான் நாள். சாக்கிலிருந்து ஒரு சரத்தை வெளியே இழுத்தாள். காய் ஒவ்வொன்றும் கட்டைவிரல் தண்டி. காம்பை வெட்டரிவாளால் வெட்டின மாதிரி மொட்டையாக நறுக்கியிருந்தது. அவள் கோப்பது மெத்தை தைக்கிற பருத்தி நூலில், இதுவோ வழவழவென்று நைலான். சந்தையில் குவித்துப் போட்டு விற்கிற சரக்கு!

சாக்கைக் கொண்டுவந்தவள் நாத்தனார் செர்வினாஸ், கணவர் ரெஃபிக்கின் அக்கா. "உன் வீட்ல பூச்சி அரிச்சிரும்டி, என் வீட்டு நிலவறை குளுகுளுன்னு இருக்கும், குடு" என்று இலையுதிர் காலத்தில் நாற்பது சரத்தையும் வாங்கிப் போனவளும் அவளேதான்.

"அக்கா, என் சரமெல்லாம் எங்கே?"

"இதுதான்டி. நூல் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. பாவமேன்னு நான்தான் உக்காந்து மாத்திக் கோத்தேன்."

"சரி, நூலை மாத்துனீங்க. காயி எப்படி வளந்துச்சு? காஞ்ச காயி நிலவறையில படுத்துக்கிட்டே பெருக்குமா?"

"என்னடி பேச்சு இது! நல்லது பண்ணவளுக்கு இதான் மரியாதையா? ரெஃபிக்! வந்து கேளுடா உன் பெண்டாட்டி பேசுறத!"

ரெஃபிக் ஓடி வந்தார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா அல்லவா? அவள் முன்னால் அவருக்கு வாய் திறக்காது. மனைவியிடம் மட்டும் தாராளமாகத் திறக்கும்.

"விடு துர்தானே. வெண்டைக்காய்ல என்ன இருக்கு? கல்யாண வீட்ல மானத்த வாங்காத."

வெண்டைக்காயில் என்ன இருக்கிறதாம்! இரண்டு மாதம் இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்த வேளையில் தோட்டத்தில் குனிந்து நின்றவள் அவள். திருடினவளுக்கு மரியாதை, பறிகொடுத்தவளுக்கு உபதேசம். நல்ல நியாயம்! ஆனால் முந்நூறு, நானூறு பேர் வரப்போகிற நேரத்தில் என்ன செய்ய முடியும்? சமையல்காரர் அந்தச் சந்தைச் சரங்களைத்தான் எலுமிச்சை நீரில் போட்டார். வெந்ததும் நூலை உருவினால் காய் முழுசாக நிற்க வேண்டும். இதுவோ நூலோடு பிய்ந்து வந்தது. அண்டா முழுக்கக் கொழகொழ.

துர்தானே அடுக்களைக்குள் போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்த நாற்பத்தொன்றாவது சரம் தொங்கியது. நோன்பு மாதத்துக்கென்று வைத்திருந்தாள். முனிபேயின் வட்டத்துக்காவது என் கையால் போகட்டும், ஒரு வாயாவது உண்மை அறியட்டும் என்று அதை எடுத்தாள். துணியில் கட்டிக் கசக்கிச் சுணையைப் போக்கினாள். சரத்தோடு எலுமிச்சை நீரில் வேகவைத்து, நூலை மெல்ல உருவினாள். பொடியாக அரிந்த ஆட்டுக்கறி, வெங்காயம், தக்காளி விழுது, கொஞ்சம் செம்மறியாட்டு வால்கொழுப்பு. சின்னக் காய்கள் ஒன்றுகூட உடையாமல் மிதந்தன.

பெண்கள் பக்கத்துப் பந்தியில் வட்டத்துக்குப் பத்துப் பேர், நடுவில் ஒரே கிண்ணம், ஆளுக்கொரு கரண்டி. அல்வா முடிந்து சூப் வந்தது. நாலா பக்கமும் முணுமுணுப்பு கிளம்பியது. "என்ன இது, கஞ்சியா?" "துர்தானே கை, துர்தானே கைன்னாங்களே!" ஒவ்வொன்றும் அவள் காதில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் கிண்ணத்தை முதல் வட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். அங்கே முனிபே இருந்தாள். பக்கத்திலேயே, மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷியாக, செர்வினாஸும் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

முனிபே ஒரு கரண்டி குடித்தாள். புருவம் உயர்ந்தது. இரண்டாவது கரண்டிக்குக் கையை நீட்டினாள்.

செர்வினாஸோ முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். பாழாய்ப்போன நாக்கு அவளை முந்திக்கொண்டது.

"ஆகா! இதுல்ல எங்க துர்தானே வெண்டைக்காயி! பனிக்காலம் பூரா இதைத்தான சாப்பிட்டேன், என் மருமகன் வீட்டுக்கும்..."

கரண்டி பாதி வழியில் நின்றது.

முனிபே மெதுவாகத் திரும்பினாள். "பனிக்காலம் பூரா நீங்க சாப்பிட்டது இதுன்னா, ஊருக்கெல்லாம் ஊத்தியிருக்கே, அது என்னது?"

பத்துப் பெண்களும் செர்வினாஸையே பார்த்தார்கள். அடுத்த வட்டத்திலிருந்தும் கழுத்துகள் நீண்டன. அவள் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. "துர்தானே, நீயாவது சொல்லேன்டி..." என்று இழுத்தாள்.

துர்தானே குனிந்து, கிண்ணத்தை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"நல்லா சாப்பிடுங்க அக்கா. அதுதான் கடைசிச் சரம். அதையும் உங்களுக்கே போட்டுட்டேன்."