நாச்சிமுத்து தலையாட்டினார்

விளக்கு வைக்கிற நேரத்தில் வரும் தொலைக்காட்சித் தொடரில் மூத்த மருமகள் வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம், நாச்சிமுத்து தலையாட்டியதுதான். அவளை அனுப்பிவிடலாமா என்று அந்த வீட்டு மாமியார் திரையிலிருந்து அவரைப் பார்த்துக் கேட்டாள். அவர் தலையாட்டினார். அடுத்த விளம்பரம் வருவதற்குள் மருமகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அவரிடம் ஏன் கேட்டார்கள் என்றால், வேறு யாரிடம்தான் கேட்பது? ஊரில் சீரியல் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் பூண்டு உரிப்பார்கள், மீதிப் பேர் செல்போனைத் தடவுவார்கள். வகிடுகளையும் வழுக்கைகளையும் பார்த்துக்கொண்டு அந்த வீட்டுக்காரர்களும் எத்தனை காலம்தான் நியாயம் பேசுவார்கள்? கண்கொட்டாமல் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த ஆள் நாச்சிமுத்து ஒருவர்தான். வாயைப் பார்க்காவிட்டால் அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவர்கள் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டார்கள். பெரிய மனுசர், ஊன்றிக் கவனிக்கிறார் என்று முடிவுகட்டி, வீட்டு வழக்குகளை ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைக்கத் தொடங்கினார்கள்.

நாச்சிமுத்து வாழ்நாளில் பெரும்பகுதி விசைத்தறி ஓட்டியவர். தறிக்குடோனுக்குள் சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்பதில்லை. ஒருவர் வந்து வாயசைத்தால் தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் அவர் நின்றுகொண்டு திரும்பத் திரும்பச் சொல்வார், அதற்குள் அவர் தறியில் நூல் அறுந்துவிடும். ஆகவே குடோனில் தலையாட்டினால் கேட்டது என்று பொருளில்லை, நீ போய் உன் வேலையைப் பார் என்று பொருள். குடோன்காரர்களுக்கு இது தெரியும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தூங்கி எழுகிற சீரியல்காரர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

அவருடைய காதுக்கு ஓசை வரும், சொல் வராது. எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால் சமாளித்துவிடுவார். டிவியில் அந்தக் கருணை கிடையாது. முக்கியமான பேச்சு வரும்போது கேமரா பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்கிறவர்களின் முகத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு முகத்தையும் மூன்று தடவை காட்டும். போதாக்குறைக்கு மேலே இடியும் மேளமும். ஓசூரில் இருக்கும் மகள் காது மெஷின் வாங்கித் தந்திருந்தாள். மெஷினுக்குப் பாரபட்சம் கிடையாது. பேச்சையும் இடியையும் மின்விசிறியையும் குக்கர் விசிலையும் ஒரே அளவாகப் பெருக்கி உள்ளே தள்ளியது. பழகினால் சரியாகிவிடும் என்று விற்றவர் சொன்னார். அது ஷோகேஸில் இருந்து பழகிக்கொண்டிருந்தது.

மனைவி வசந்தாமணிக்கு இரண்டு காதும் கூர்மை. ஆரம்பத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் முகம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளாக ஆகச் சுருக்கினாள். அரை மணி நேரம் நடந்த சண்டை என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, சும்மா சண்டை" என்பாள். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்புறம் சொல்கிறேன் என்பாள். அந்த அப்புறம் வந்ததேயில்லை. காது போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார், இந்த ஒண்ணுமில்லீங்கதான் அவரைச் சுட்டது. கேட்பதையே விட்டுவிட்டார். அவள் எது சொன்னாலும் தலையாட்டினார். பூம்பூம் மாட்டைக் கட்டிக்கிட்டேன் என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் காலை மூத்த மருமகள் அவர்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். அதே புடவை, அதே பெட்டி. வெயிலில் அவள் உதடுகள் நன்றாகத் தெரிந்தன, இடியும் இல்லை. மாமனார் குடிக்கிற பாலில் விஷம் கலந்ததாகத் தன்மேல் பழி என்றும், தான் கலக்கவில்லை என்றும் சொன்னாள். வழக்கு இன்னதென்று நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் உண்மையைச் சொன்னார்.

"கேட்கலைன்னா எதுக்குங்க ஐயா தலையாட்டினீங்க?" என்றாள் அவள்.

அதற்கும் தலையாட்டப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வசந்தாமணி அவளுக்கு இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்து, கரூர் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லி அனுப்பினாள்.

இதற்குள் அந்த வீட்டின் மில் கைமாறியிருந்தது, கடைசிப் பெண்ணை ஒரு மோசடிக்காரனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். எல்லாம் நாச்சிமுத்துவின் தலை செய்த வேலை. எதிர்வீட்டுக் கனகு கறிவேப்பிலை கொடுப்பதை நிறுத்திவிட்டாள். வாழ்ந்துகொண்டிருந்த குடும்பத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கெடுத்த மனுசனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று குழாயடியில் சொன்னாளாம். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்று நாச்சிமுத்துவுக்கே பட்டது. இனி கேட்காமல் தலையாட்டுவதில்லை என்று தீர்மானம் செய்தார்.

மெஷினை எடுத்து மாட்டினார். மின்விசிறியை நிறுத்தினார். சத்தத்தைக் கூட்டினார், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, இடிதான் தெளிவாகக் கேட்டது. ஸ்பீக்கரில் காதை வைத்தால் உதடு தெரியவில்லை. உதட்டைப் பார்க்கத் தள்ளி உட்கார்ந்தால் குரல் கரைந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும்படி வசந்தாமணியைக் கேட்டார். அவளும் உட்கார்ந்தாள். ஆனால் அந்த வீட்டார் கேள்வி கேட்கிற நேரமாகப் பார்த்துத்தான் பால் பொங்கும், இல்லாவிட்டால் யாராவது கூப்பிடுவார்கள்.

ஒருநாள் அதே நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை வருகிற தண்ணீரைச் சீரியலுக்காக விட முடியுமா? வசந்தாமணி குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். திரையில் குடும்பமே வரிசையாக வந்து நின்றது. மாமியார் கேட்டாள். கேமரா வழக்கம்போல மற்றவர்கள் முகத்துக்குப் போய், மும்மூன்று தடவை காட்டிவிட்டுத் திரும்பியது. எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள்.

அவர் தலையாட்டவில்லை.

விளம்பரங்கள் வந்து போயின, அவர்கள் அப்படியே நின்றார்கள். செய்தி நேரம் வந்தது. செய்தி வாசிக்கிறவர் அவர்களுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு வாசித்துவிட்டுப் போனார். மாமியார் வயதானவள், காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். ஒரு ஆளைப் பதிலுக்காக நிற்க வைத்துவிட்டுச் சும்மா இருக்க அவர் உடம்பு பழகியதில்லை. அவர் கழுத்து அவரைக் கேட்காமலே ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. அந்த வீட்டார் அப்பாடா என்று உட்கார்ந்தார்கள்.

வசந்தாமணி குடத்தோடு உள்ளே வந்தாள். கனகு வீட்டு டிவி குழாயடிவரைக்கும் கேட்கும். மாமியாரின் கேள்வி அங்கேயே வசந்தாமணி காதில் விழுந்திருந்தது. தண்ணீர் பிடிக்க நின்றவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று காத்திருந்தார்களாம்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். "மூத்தவ போனதுல இருந்து அடுப்படிக்கு ஆளில்லையாமா. என்னைய அனுப்பறீங்களான்னு கேட்டாங்க. நீங்க சரின்னுட்டீங்க."

"எனக்குக் கேக்கல புள்ள."

"தெரியுமுங்க. ஆனா தலையாட்டுனது ஆட்டுனதுதானுங்களே."

மூத்த மருமகள் போனாள், மில் போனது, தனக்கு மட்டும் தனிச்சட்டமா என்று அவள் நினைத்திருக்க வேண்டும். பையை எடுத்தாள். நாலு புடவை, பிரஷர் மாத்திரை, மூக்குக்கண்ணாடி. பை சுவர் ஓரமாக இருந்தது, அவள் அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே பேசினாள். ஓசை வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை. தோள் இரண்டு தடவை குலுங்கியது. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு என்று சொல்லியிருக்கலாம். பேசுகிறவளை நடுவில் நிறுத்தினால், ஒண்ணுமில்லீங்க என்று விட்டுவிடுவாளோ என்று பயந்தார்.

அவள் பேசி முடித்து, பையை மூடிவிட்டுத் திரும்பினாள். "கேட்டுச்சுங்களா?" என்றாள். அந்த ஒரு சொல் உதட்டில் தெளிவாகத் தெரிந்தது.

நாச்சிமுத்து தலையாட்டினார்.

அவள் முகம் சுமை இறக்கிய முகமாக ஆனது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் சீரியல் வீட்டுக் கார் வந்து நின்றது.

அதற்குப் பிறகு அவள் தினமும் டிவியில் வந்தாள். பட்டுப்புடவை கட்டிவிட்டிருந்தார்கள். சமையலறை வாசலில் டம்ளர் தட்டோடு நிற்பாள். கேமராவுக்கு அவள் முகம் பிடித்துப்போயிற்று, யார் எது பேசினாலும் அவளை மூன்று தடவை காட்டியது. அவள் பேச வாயெடுத்தால் மட்டும் வேறு பக்கம் போய்விட்டது. அவள் கேட்பதைத்தான் அவரால் பார்க்க முடிந்தது, பேசுவதைப் பார்க்கவே முடியவில்லை. கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு அவர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். மில், கல்யாணம், விஷம் எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பை அடுக்கும்போது அவள் என்ன சொன்னாள் என்று தெரிய வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவள் வாயிலிருந்து வேறு ஏதாவது ஒரு வார்த்தை. மற்றவர்கள் ஏதாவது கேட்டால், அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர் கவனியாமல் தலையாட்டி அனுப்பினார்.

ஒருநாள் கனகுவிடம் போய், இன்றைக்கு வசந்தா என்ன பேசினாள் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, காபி குடுத்தா" என்றாள் கனகு.

பிறகு ஒரு சாயங்காலம் அந்த வீட்டார் ஒதுங்கி வழிவிட, வசந்தாமணியே முன்னால் வந்து நின்றாள். அவரை நேராகப் பார்த்தாள். வாய் திறக்கும்போது கேமரா மாமியாருக்குப் போனது. இடி இடித்தது. திரும்பி வந்தபோது அவள் கேட்டு முடித்துவிட்டுப் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். கேமரா சின்ன மாப்பிள்ளைக்குப் போனது. மறுபடியும் கேட்டார். அந்த வீட்டு டிரைவரைக் காட்டினார்கள்.

இதற்கு மட்டும் கேட்காமல் தலையாட்ட மாட்டேன் என்று நாச்சிமுத்து கழுத்தை இறுக்கிக்கொண்டார். அவளுக்கு மூட்டுவலி உண்டு, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நிற்கிறாளே என்று அவரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். நாள்கள் போயின. கடைசிப் பெண்ணின் கல்யாண மாலை வாடியது. கதை நகராமல் தெரு பொறுமை இழந்தது.

கனகுவும் அவள் வீட்டுக்காரர் அர்த்தநாரியும் குழாயடி ஆட்கள் சிலரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். உடம்புக்குச் சௌகரியமா என்று விசாரித்தார்கள். வசந்தா கேட்டது என்னவென்று சொன்னால் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். சும்மா ஒரு வார்த்தைதான் என்றாள் கனகு. அர்த்தநாரி அவருடைய உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டார், கனகு தாடையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்காமல் ஒருமுறை தாழ்த்தி, ஒருமுறை உயர்த்தினார்கள்.

திரையில் வசந்தாமணி கண்களை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் கனகு அவர் முகத்துக்கு நேராக வந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "புருசன் உசுரோட இருக்கறப்ப இன்னொரு வீட்டுல எப்படி இருக்கறதுன்னு அங்க பேச்சாயிருச்சுங்க. உங்களைப் போயிட்டதா வெச்சுக்கலாமான்னு கேட்டா."

அங்கே டிரைவர் ஸ்டூல் போட்டு ஏறி, நாச்சிமுத்துவின் படத்தைச் சுவரில் மாட்டினார். மாலை போட்டார்கள், விளக்கு ஏற்றினார்கள். அர்த்தநாரி வெளியே போய்க் குடோன்களுக்குத் தகவல் சொன்னார். தெருவில் சாவு விழுந்தால் தறியை நிறுத்துவது அங்கே வழக்கம். தெருவை நாள் முழுக்க நிறைத்திருந்த தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மாலை போட்ட படத்துக்கு முன்னால் சீரியல்காரர்களும் மேளம் வாசிப்பதில்லை.

அந்த அமைதியில் மாமியார் கேட்டது அவருக்குக் கேட்டது. "கடைசியா ஏதாவது பேசினாரா?"

"இல்லீங்கம்மா, நாந்தான் பேசுனேன்" என்றாள் வசந்தாமணி. "இத்தனை வருசமா மனசுல இருந்தது அத்தனையும் சொன்னனுங்க. ஒண்ணு விடாம கேட்டுட்டுத்தான் போனாரு."

நாச்சிமுத்துவுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. நடுவில் அவள் மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. அவர் டிவியைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரோ தோளில் தட்டி, மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

வெளியே பெஞ்சு போட்டாயிற்று. துண்டு போர்த்திய ஆண்கள் வந்து உட்காரத் தொடங்கினார்கள். நாச்சிமுத்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். ஓரத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். பிறகு அவரே, முகத்தைத் திருப்பாமல், எப்போது எடுக்கிறார்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஒருமுறை கேட்டதுமே நாச்சிமுத்து பதில் சொன்னார்.

"ஓசூர்ல இருந்து மக வரோணுமுங்க."