எந்தக் கொப்பியில் லெனாட்

அதுவும் ஊர்ப் பெயரோடு சேர்த்து, லெனாட், குருநகர் என்று, குரல் நடுங்காமல் வாசித்திருக்கிறாள் தங்கச்சி, என்னுடைய புருஷனின் பெயரை, செத்தவர்களின் பெயர்களோடு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்... வாசித்த பிறகுதான் வீடியோவை அனுப்புகிறாள், கீழே ஒரு குரல் பதிவு, அக்கா, அத்தானையும் சேர்த்து வாசிச்சனான், கோவிக்காதையுங்கோ என்ன. கோவிக்காமல்? கோயில் கந்தோர் வாசலில் வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் ஆறு பேர், உள்ளே செபநாயகம் அண்ணை பூசைக்குப் பெயர் எழுதுகிற இரண்டு கொப்பிகளோடு இருக்கிறார், நீலக் கொப்பி உயிரோடு இருப்பவர்களின் சுகத்துக்கு, கறுப்புக் கொப்பி ஆன்மாக்களுக்கு, நவம்பர் முழுக்க அந்தக் கறுப்புக் கொப்பிக்குத்தான் சனம். நான் மட்டும் ஒன்பது நவம்பராக நீலத்தில் எழுதுவிக்கிறேன். அவர் கடலுக்குப் போன படகு மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. ஆளைக் காணாமல் எப்படி ஆன்மாவென்று எழுதுவது? எங்கள் ஊரில் யாருக்கும் அந்தத் துணிவு வரவில்லை, பங்குச் சுவாமிக்குக்கூட, என் தங்கச்சி றெஜினாவுக்கு மட்டும் வேல்ஸிலிருந்து வந்திருக்கிறது.

வயோதிபர் இல்லத்தில் வேலை என்று போனவள், ஆறு வருடத்தில் அந்தக் கடற்கரை ஊரையே மடியில் கட்டிக்கொண்டாள். கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டே அவர்களுடைய பாஷையைப் பிடித்துவிட்டாளாம், ஆங்கிலம் இல்லை, அது வேறு, வெல்ஷ். தொலைபேசி எடுத்தால் அந்த ஊர்ச் சரித்திரம்தான்... கூரைக்கு வேய்கிற கல்லை ஏற்றிக்கொண்டு இந்தத் துறையிலிருந்து பாய்க்கப்பல் போனது அக்கா, பள்ளிக்கூடத்தில் தாய்மொழி கதைத்த பிள்ளையின் கழுத்தில் தண்டனைக்கு மரத்துண்டு கட்டினார்கள் அக்கா, இப்போது பாதி வீடு இங்கிலாந்துக்காரர் வாங்கி, கோடைக்கு மட்டும் திறக்கிறார்கள் அக்கா. பூட்டிய வீடென்றால் எங்கள் ஒழுங்கையிலும் நாலு இருக்கிறது, அதில் ஒன்று அவளுடையது, முற்றம் கூட்டுகிறவள் நான். எங்கள் கோயில் பாட்டுக்குழுவில் சுருதி சேராமல் வாயை மட்டும் அசை என்று நிறுத்தி வைக்கப்பட்டவள் அவள், தவக்காலத்தில் ஒப்பாரிப் பாட்டு எடுத்துப் பாடியவள் நான், ஆனால் அவளுக்குத்தான் இந்த வருடம் அங்கத்தைக் கோயிலில், கடலோடு போன அந்த ஊர்க்காரரின் பெயர்களை வாசிக்கக் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டுப் பெயர், ஒன்றும் என் வாயில் வராது. கடைசியில் லெனாட். நரைத்த தலைகள் எல்லாம் ஒன்றாகக் குனிகின்றன, முன்வரிசையில் ஒரு மனுசி கண்ணைத் துடைக்கிறாள், யாரவள், அவருக்கு மீன்குழம்பில் புளி கூடினால் பிடிக்காதென்று அவளுக்குத் தெரியுமா? பிறகு எழும்பி நாலு குரலில் பாடுகிறார்கள், வயிறு எரிகிறது, பொய் சொல்லி என்ன. பந்திக்கு முந்து என்பார்கள், இவள் துக்கத்துக்கும் முந்திவிட்டாள். மாப்பிள்ளை, வேலை, ஊர், பாஷை எல்லாம் எடுத்தாள், போகட்டும், என் வீட்டுச் சாவையுமா... சாவா? நானா அதைச் சொன்னேன்?

முன்னால் ஒருவரும் இல்லை, எப்போது நகர்ந்தேன்? செபநாயகம் அண்ணை நிமிரவே இல்லை, நீலக் கொப்பியை விரித்து எழுதவும் தொடங்கிவிட்டார், லெனாட், சுகமாய்த் திரும்பி வர... ஒன்பது வருடமாக மனப்பாடம். "வழக்கம்போலைதானே, யசிந்தா?" ஓம் என்று சொன்னால் முடிந்தது, போய்ச் சோறு வைக்கலாம். நேற்றிலிருந்து பதினொரு தரம் அந்த வீடியோவைப் போட்டிருக்கிறேன், றெஜினாவைத் திட்டுவதற்கென்றுதான் போட்டேன், ஆனால் ஒவ்வொரு தரமும் அந்தத் தலைகள் குனிகிற இடத்தில்தான் நிறுத்தினேன், ஒரு ஊரே அவருக்காகப் பேசாமல் இருக்கிற இடம் அது. இங்கே அவர் பெயர் எடுத்தால் சனம் வேறு கதைக்குப் போய்விடும், எனக்குப் பயந்து.

"அண்ணை, ரெண்டிலையும் எழுதேலாதோ?"

பேனை நின்றது. அண்ணை இப்போதுதான் என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே கறுப்புக் கொப்பியில் கையை வைத்தார், திறக்கவில்லை. றெஜினாவுக்கு முதல் நான் அல்லவா இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் பட்டது, என்ன பதில் வந்தால் என் மனம் ஆறும் என்று தெரியவில்லை.